பேனாவால் வரைந்த கதவு

எங்கள் வீட்டு பீரோவின் மேல், பழைய போர்வைகளுக்கு அடியில், ஒரு வரைபடச் சுருள் கிடக்கிறது. பிரதி எடுத்தபோது ஏறிய அம்மோனியா வாடை எப்போதோ போய்விட்டது. நீலக் கோடுகள் வெளிறிவிட்டன. அந்தமான் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றுக்காக எங்கள் கல்கத்தா அலிப்பூர் அலுவலகத்தில் வரைந்த அரசு அலுவலக வளாகத்தின் தரைத்தளப் படம் அது. அதன் கிழக்குச் சுவரில் கறுப்புப் பேனாவால் ஒரு கதவு போட்டிருக்கிறது. நாங்கள் வரையும் படத்தில் கதவு என்றால் ஒரு கோடும் ஒரு கால்வட்டமும்தான். இது அப்படி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வீடு வரைவதுபோல நிமிர்ந்து நிற்கும் ஒரு சின்னச் செவ்வகம், கைப்பிடிக்கு ஒரு புள்ளி. வரைந்தவர் அந்தத் தீவின் தாசில்தார். அவரை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. மற்றபடி எங்கள் பழக்கமெல்லாம் தொலைபேசியில்தான்.

அப்போது என் மகள் கைக்குழந்தை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தேன். டாக்குரியாவில் எங்கள் கீழ்வீட்டில், மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் வங்காளி அம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டு வருவேன். பாலைச் சரியாகக் காய்ச்சியிருப்பாரா, நான் வந்தது சரிதானா என்று பேருந்தில் தொடங்கும் யோசனை, வரைபலகை முன்னால் உட்கார்ந்த பிறகும் ஓயாது. தீவு வளாகத்தின் படங்கள் என்னிடம் வந்தன. தீவிலிருந்து வரும் அழைப்புகளும் என்னிடமே வந்தன, ஏனென்றால் தாசில்தார் தமிழர். ராமநாதபுரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன குடும்பம். முதல் அழைப்பில் நான் ஆங்கிலத்தில் தொடங்க, அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “தமிழ்ப் பொண்ணுன்னு சொன்னாங்களே, எனக்குக் கொஞ்சம் தமிழ் பேசக் குடும்மா. இங்க வாயே துருப்பிடிச்சுக் கிடக்கு.” இரண்டாவது அழைப்பில் நான் தங்கச்சி ஆகிவிட்டேன். அவர் எனக்குத் தாசில்தார் அக்கா. லைன் பாதியில் அறுந்துபோகும். அதற்குள் கழிவுநீர்க் குழாயைப் பற்றியும் பேசுவார், என் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்றும் கேட்பார். அவருக்கும் ஒரு பெண்குழந்தை. கணவருக்கு வேறொரு தீவில் ஆசிரியர் வேலை. கப்பல் வரும் நாட்களில்தான் அது குடும்பம் என்பார்.

அந்தத் தீவில் அலுவலகங்கள் சிதறிக் கிடந்தன. ரேஷன் அலுவலகம் சந்தையோரத்தில், நில ஆவணங்கள் குன்றின்மேல், ஓய்வூதியமும் மனுக்களும் வாங்கும் இடம் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில். ஒரு காகிதத்தில் இரண்டு கையெழுத்து வாங்க ஒரு நாள் முழுக்க ஏறி இறங்கவேண்டும். அதையெல்லாம் ஒரே வளாகமாக்கி, படகுத்துறைக்கு எதிரில் அகலமான படிகளோடு கட்டுவது திட்டம். எங்கள் பெரிய சார் அதை மிகவும் நேசித்தார். படகைவிட்டு இறங்கும் ஏழைக்கு அரசாங்கம் கண்ணெதிரே நிற்கவேண்டும் என்பார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. மெல்லிய தாளில் அந்தப் படிகளை ஒவ்வொன்றாக மை போட்டு இழுத்தவள் நான்தான்.

படங்களை இறுதி செய்யும் கூட்டத்துக்குத் தாசில்தார் அக்கா கப்பலில் வந்தார். வழியெல்லாம் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் இருந்தது, ஆனால் கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஒரு கசங்கல் இல்லை. தொலைபேசிக் குரலை வைத்து நான் உயரமான பெண்ணைக் கற்பனை செய்திருந்தேன். அவர் என் தோள் உயரம். நீள மேசையில் படங்களை விரித்து, மண் குவளைகளில் தேநீர் வந்தது. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, படிகளின்மேல் விரலை வைத்து இந்தியில் கேட்டார்: “இது ஒண்ணுதான் வாசலா?” ஆமாம் என்றார் சார். படிகளுக்கு நேர் எதிரில் டீக்கடை, தீவின் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் உட்காருமிடம் அதுதான் என்று அக்கா சொன்னார். இப்போது ஒரு பெண் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறமாதிரி போவாள், குழந்தைக்கு மருந்து வாங்குகிறமாதிரி போவாள், யாருக்கும் தெரியாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வருவாள். தீவில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன், கொழுந்தன், மாமியார். அடிக்கிற புருஷன்மேல் எழுதிக் கொடுக்க வருகிறவள், அவன் அண்ணன் தம்பிகள் பார்க்க இத்தனை படி ஏறுவாளா? கிழக்குப் பக்கம் பள்ளிக்கூடப் பாதை இருக்கிறது. பிள்ளையைக் கொண்டுவிட வருகிற பெண்ணை யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். “அங்க ஒரு சின்னக் கதவு போதும் சார்.”

சார் கோபப்படவில்லை. அரசு அலுவலகத்துக்கு வருவதில் ஒளிக்க என்ன இருக்கிறது, காலம் மாறிவிடும் என்றார். பிறகு காரியத்தைச் சொன்னார். இன்னொரு வாசல் என்றால் இன்னொரு காவலாளி, அவனுக்குப் பணியிடம், மதிப்பீடு திருத்தி மறுபடி ஒப்புதல். அதற்குள் மழை வந்துவிடும், சிமெண்ட் ஏற்றிய கப்பல் போகாது, ஒரு பருவம் தள்ளிப்போகும். அக்கா என்னைப் பார்த்தார். நான் தயங்கி, படத்தில் மாற்றுவது பெரிய வேலை இல்லை சார் என்றேன். “உன் வேலையைச் சொல்லவில்லை, தில்லியின் வேலையைச் சொல்கிறேன்” என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ரேஷன் அலுவலகக் கூரை போன மழையிலேயே விழுந்துவிட்டிருந்தது. மூட்டைகள் நனைந்து, அரிசி முளைத்ததை அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் குவளையைப் படத்திலிருந்து நகர்த்தி வைத்தார். பிறகு “சரி சார், கட்டுங்க” என்றார். அன்று காலை நான் கிளம்பும்போதே மகளுக்கு உடம்பு சுட்டது. கூட்டம் சீக்கிரம் முடிந்ததே என்று எனக்குள் ஒரு நிம்மதி எழுந்ததை இப்போதும் மறக்கமுடியவில்லை.

அன்று மாலை அவரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். என் மகள் யாரிடமும் போகாதவள், அவர் மடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, பல்லுக் காய்ச்சல். நீ இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டா புள்ள பயப்படாதா?” என்றார். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். பக்கத்தில் லோக்கல் ரயில் போக, ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அது நின்றபின், நான் கொண்டுவந்திருந்த உபரிப் பிரதியைத் தரையில் விரிக்கச் சொன்னார். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பையில் பேனாவைத் தேடி எடுத்து, கிழக்குச் சுவரில் அந்தக் கதவை வரைந்தார். “இத வச்சுக்க. அடுத்து எந்தத் தீவுக்காவது வரையும்போது ஞாபகம் வரும்ல.” எனக்குச் சிரிப்பு வந்தது. கதவை இப்படிப் போடமாட்டார்கள் அக்கா என்று கால்வட்டம் போட்டுக் காட்டினேன். “உங்க படத்துல கதவெல்லாம் படுத்துக்கிட்டுல்ல இருக்கு” என்றார்.

வளாகம் கட்டி முடிந்தது. திறப்புவிழாப் புகைப்படம் அலுவலகச் சுவரில் மாட்டப்பட்டது. அக்காவின் அழைப்புகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. நில ஆவணமும் ரேஷனும் ஒரே நாளில் முடிகிறது, கிழவர்கள் சாரை வாழ்த்துகிறார்கள் என்று சொன்னார். பெண்கள் வருகிறார்களா என்று கேட்டேன். “வர்றாங்க தங்கச்சி. உன் படியில இல்ல, என் அடுப்படியில.” அவருடைய குடியிருப்பு வளாகத்துக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பாதையில் இருந்தது. பிள்ளைகளை விட வருகிற பெண்கள் சமையலறைக் கதவைத் தட்டி மனுவைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். அவர் அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோய், அலுவலகம் திறந்ததும் பதிவு செய்துவிடுவாராம். “தோசை தீயுது, மனு வருது, தாசில்தார் கரண்டியும் கையுமா நிக்கிறேன்.” இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அதில் ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். அதற்கு மட்டும் பயப்படவில்லை.

பிறகு ஒரு நாள் தீவுக்கு நான் போட்ட அழைப்பை ஒரு ஆண்குரல் எடுத்தது. மேடம் மாற்றலாகிப் போய்விட்டார் என்றது. அந்தத் தீவுக்கு வேலையாகப் போயிருந்த எங்கள் ஜூனியர் எஞ்சினியர் திரும்பி வந்து சொன்னபோதுதான் விவரம் தெரிந்தது. யாரோ ஒருத்தியின் கணவனும் டீக்கடையில் உட்காருகிறவர்களும் சேர்ந்து புகார் எழுதியிருக்கிறார்கள். தாசில்தார் அலுவலக நேரத்துக்கு முன்னால் வீட்டில் வைத்து மனு வாங்குகிறார், அங்கே ஏதோ கைமாறுகிறது என்று. வீட்டில் வாங்கினீர்களா என்று விசாரணையில் கேட்டபோது, ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். யாருடைய மனு என்று கேட்டதற்கு ஒரு பெயரையும் சொல்லவில்லை. பணம் வாங்கியதாக எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் போர்ட் பிளேரில் ஏதோ ஒரு பிரிவில் கோப்புப் பார்க்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நான் சாரிடம் போனேன். கிழக்குப் பக்கம் கதவு வேண்டுமென்று அவர் முதலிலேயே கேட்டார், அதற்கு நாமெல்லாம் சாட்சி, அதை எழுதியனுப்பலாமா என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேட்டால் கட்டாயம் சொல்வேன். யாரும் நம்மைக் கேட்கவில்லையே அம்மா” என்றார். அவர் வருந்தினார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். நான் அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். தேவைப்பட்டால் இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள் என்று நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் என்னை இழுத்துவிட வேண்டாமென்று வைத்துவிட்டாரா, தெரியாது. இரண்டாவது கடிதம் எழுதியிருக்கலாம். கூட்டத்தில் இன்னொரு வாக்கியம் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்றும் உடனே தோன்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போர்வைகளை வெயிலில் போட இறக்கினபோது சுருளும் விழுந்தது. மகள் அதைத் தரையில் விரித்து, மூலைகளில் தன் புத்தகங்களை வைத்தாள். முதல் வகுப்பில் படிக்கிறாள். என்னுடைய கால்வட்டங்கள் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாக் கதவை மட்டும் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டாள். “அம்மா, கதவு.” யார் போட்டது என்றாள். உன்னை மடியில் வைத்திருந்த ஒரு பெரியம்மா என்றேன். எதற்கு என்றாள். அவங்க ஊர்ப் பெண்களுக்காகக் கேட்டாங்க என்றேன். “தியேச்சிலே?” என்று வங்காளியில் கேட்டாள். கொடுத்தாயா என்று. அதற்குள் மாஷிமா கூப்பிட்ட குரல் கேட்டதும் கீழே ஓடிவிட்டாள்.

படம் வெளிப்பக்கம் தெரியும்படிதான் சுருட்டவேண்டும் என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். அப்படித்தான் சுருட்டி நாடா கட்டினேன். கதவு மேலாக வந்து நின்றது. பீரோவின் மேல் தள்ளி வைத்தபோது சுருள் ஒரு புரள் புரண்டது. கதவு சுவர்ப்பக்கம் போய்விட்டது.