மருதனார்மடம் போய்ச் சேராத மோட்டார் சைக்கிள்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதென்றால் அது என் வழியாகத்தான் நடக்கும். ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு, "கொப்பருக்குச் சொதி வேணுமோ எண்டு கேள்" என்பார் பெரியப்பா. "காணும் எண்டு சொல்லு" என்பார் அப்பா. நான் ஒரு சொல் பிசகாமல் இரண்டையும் திருப்பிச் சொல்வேன். அரசாங்க உத்தியோகம் கிடைத்த மாதிரி எனக்கு அதில் பெருமை.

அப்பப்பாவின் செத்தவீட்டுக்குப் பெரியப்பா நோர்வேயிலிருந்து வரவில்லை. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவரான அப்பா வைத்தார். கையில் வதிவிடப் பத்திரங்கள் கிடைக்கவில்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்று பெரியப்பா சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதோடு நின்ற கதை நாலு வருடம் நின்றது. அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து, மூன்று கிழமையாவது வந்து நின்றுவிட்டுப் போங்கள் என்று பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

அவர் வரப்போகிறார் என்று தெரிந்த அன்று பின்னேரம் அப்பா மாட்டுக்கொட்டிலுக்குப் போய், பழைய கிடுகுகளுக்கு அடியில் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிளை வெளியே இழுத்தார். பெரியப்பா இளந்தாரியாக இருந்தபோது உரும்பிராய் முழுக்க ஓடித் திரிந்த வண்டி அது. இருக்கைக்குள் எலிகள் குடும்பம் நடத்தின. புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது.

"சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்குது" என்று அம்மாவுக்குக் காரணம் சொன்னார். இடத்தை அடைப்பதைத் தூக்கி எறிவார்கள், இரண்டு மாதம் இருந்து திருத்தமாட்டார்கள் என்று சொல்லும் வயது எனக்கு இல்லை. அம்மாவும் சொல்லவில்லை.

தோட்டத்தால் வந்ததும் அப்பா முற்றத்தில் சாக்கை விரித்துவிடுவார். பெற்றோல் தாங்கிக்குள் மண்ணெண்ணெயை விட்டு, இரண்டு பிடி சின்னக் கல்லையும் போட்டு, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி மடியில் வைத்து ஆட்டுவார். உள்ளேயிருந்து கறள் செந்தண்ணியாக வடியும். காபரேற்றரைக் கழற்றி அம்மாவின் இடியப்பத் தட்டில் வைத்துக் கழுவினார். அதற்காக அம்மா இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். இருக்கைக்குப் புதிதாகத் தும்பு அடைத்துத் தைத்ததும் அம்மாதான். கடைசியில் ஒருநாள் அது இருமி, புகைத்து, எழும்பியது. அப்பா அதிலேயே மருதனார்மடம் சந்தைவரை ஓடிப் போய், ஒரு கட்டுக் கீரையோடு திரும்பி வந்தார். வீட்டில் வேண்டிய அளவு கீரை இருந்தது.

பெரியப்பா வந்து மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதன் தாங்கியைத் தடவிக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு, இரண்டாம் கிழமையின் கடைசியில், மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்குத் தனக்கு ஒரு நேர்த்தி இருப்பதாகவும் இதிலேயே போவதாகவும் அம்மாவிடம் சொன்னார். "றோட்டெல்லாம் மாறிப்போச்சு, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார் அம்மா. சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பொட்டு வைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார். பெற்றோல் மூடியின் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. பொட்டுக்கென்றே விட்ட இடம் என்று நினைத்து, அதில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். பிறகு தினமும் காலையில் அதுதான் என் முதல் வேலை.

பெரியப்பா ஓட, அப்பா பின்னால் இருக்க, நான் நடுவில். வெங்காயத் தோட்டங்கள் வரும் இடத்தில் மோட்டார் சைக்கிள் விக்கி நின்றது.

"பெற்றோல் இருக்கோ எண்டு கொப்பரைக் கேள்."

"காலமைதான் நிரப்பினனான் எண்டு சொல்லு."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. இரண்டு மாதப் பாடும் அண்ணனுக்கு முன்னால் நடுறோட்டில் நின்றுவிட்டதே. உதைத்து உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. ஒருவர் கைபிடியைப் பிடிக்க, மற்றவர் பின்னால் தள்ள, வெயிலில் திரும்பி நடந்தோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அது ஒரே உதையில் எழும்பியது.

அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றது. பாதி வழியில் பெரியப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "விடுங்கோ, நான் பிடிக்கிறன்" என்றார் அப்பா. இதை யாரிடம் சொல்வது என்று நான் அண்ணாந்து பார்த்தேன். அதற்குள் பெரியப்பா கைபிடியை விட்டிருந்தார்.

மூன்றாம் நாளும் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு தோட்டக் கிணற்றடியில் நிறுத்தி முகம் கழுவினார்கள். பெரியப்பா துவாயை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"அப்பர் என்னைக் கேட்டவரே?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "ஒவ்வொரு நாளும் கேட்டவர். றோட்டிலை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டால், மூத்தவன் வாறான், கேற்றைத் திற எண்டுவர்."

"நீ என்ன செய்வாய்?"

"போய்த் திறப்பன்."

பெரியப்பா குந்தியிருந்து அழுதார். பெரிய ஆட்கள் அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா அவரின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, தண்ணீர் பாயும் வாய்க்காலையே பார்த்தபடி நின்றார். பிறகு வீடு வரும்வரை இருவரும் கதைத்துக்கொண்டே தள்ளினார்கள்.

நாலாம் நாள் காலை அப்பா மோட்டார் சைக்கிளைத் துடைத்தார். பெற்றோல் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயே இதிலை சந்தனம் வைக்கிறனீ?"

"ஓம்" என்றேன்.

சட்டை ஊசியால் பள்ளத்தைக் குத்தினார். காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர, ஒரு சின்ன ஓட்டை தெரிந்தது. "இதாலைதான் இது மூச்சு விடுறது. இதை அடைச்சால் பெற்றோல் இறங்காது, கொஞ்சத் தூரத்திலை நிண்டிடும்" என்றார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பெரியப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தலை சீவினார்.

"ஆஞ்சநேயர் எங்கையும் ஓடிப்போகமாட்டார். அண்ணை போக இன்னும் ஆறு நாள் கிடக்குது" என்றார் அப்பா, தனக்குத்தானே. பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்தனத்தைக் கொண்டு வா பிள்ளை. இதிலையே வை. கொஞ்சம் தடிப்பாய் வை" என்றார்.

வைத்தேன். அன்றும் வெங்காயத் தோட்டத்தடியில் நின்றது. அப்பா குதித்து இறங்கி, "நிண்டிட்டுது அண்ணை" என்றார். அவரின் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். ஒரு துளியும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போய், அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் திருத்தவே தெரியாது என்று அம்மாவிடம் சொன்னேன்.