விருந்தாளிக்கு அரிசிம்பருப்பு

போன வாரம் என் மகன் சரவணம்பட்டியில் ஒரு புது ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். ஏசி, மங்கலான விளக்கு, தட்டில் வட்டமாக வெட்டிய வாழை இலை. மூடி போட்ட ஒரு குட்டி மண்சட்டியை முன்னால் வைத்து, "கொங்கு ஸ்பெஷல் மேடம்" என்றார் பரிமாறியவர். திறந்தால் அரிசிம்பருப்பு. பூண்டும் சின்ன வெங்காயமும் சீரகமும் வதங்கிய வாசம் முகத்தில் அடித்தது. மகன் ஆசையாக என் முகத்தைப் பார்த்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவனிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அரிசிம்பருப்பு என்றால் பெரிய சமையல் ஒன்றுமில்லை. அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் களைந்து, வெங்காயம், பூண்டு, தக்காளி, வரமிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, குக்கரில் மூன்று விசில். வேலைக்குப் போய்விட்டு வருகிறவள் நின்ற காலில் ஆக்குகிற சோறு. நானும் அப்படித்தான் ஆக்கினேன். தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில் இருந்தேன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுவிடுகிற வேலை. என் கை வேகத்தை மேஸ்திரியே நின்று பார்ப்பார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்கும் யாரும் என்னை நின்று பார்த்ததில்லை.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஐந்தரைக்கு வீடு. தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், தட்டிவிடக்கூட நேரமிருக்காது. என் மாமியார் வாசலிலேயே கேட்பார், "அம்மிணி, ராத்திரிக்கு என்ன பண்றே?" பகலெல்லாம் வீட்டிலிருந்த மனுஷி கேட்கிற கேள்வி இது. காலை இட்லி மீந்திருந்தால் உதிர்த்து, கடுகும் கருவேப்பிலையும் தாளித்து உப்புமா. மத்தியானச் சோறு இருந்தால் புளி கரைத்து ஒரு கிளறு. ஒன்றுமில்லாவிட்டால் அரிசிம்பருப்பு. எனக்கு மற்றபடி சமையல் சுமார்தான். பிரியாணி என்று ஒருமுறை செய்தேன், கொழுந்தனார் அதற்கு ரசம் கேட்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மிச்சத்தை வீசக் கூடாது. ஆனால் ஆம்பளைகள் தட்டில் பழசைப் போடவும் கூடாது. தாளித்துப் புதுசாக்கினால் மட்டும் போடலாம். அப்படி ஆக்க முடியாத மிச்சம், சட்டியில் அடிப்பிடித்த குழம்பு, தண்ணீர் ஊற்றிய சோறு, இதையெல்லாம் யார் தின்பது? வேறு யார், மருமகள்தான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. வேலைக்குப் போகிறவள், சம்பளம் வாங்குகிறவள், வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் மடத்தனம்.

ஒரு வியாழக்கிழமை நான் உள்ளே நுழையும்போது முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தனாருக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார், கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர்கள். சொல்லாமல் வந்திருந்தார்கள். பெண் கொடுப்பதற்கு முன் இப்படித் திடீரென்று வந்து வீடு எப்படி என்று பார்ப்பது எங்கள் பக்கத்தில் உண்டு. மாமியார் பதறிப்போய் என்னைச் சமையலறைக்குள் தள்ளினார்.

"ஏதாச்சும் வெரசலா ஆக்கு அம்மிணி. ஆறரை பஸ்ஸுக்குப் போவோணுமாம்."

"அரிசிம்பருப்புதான் அத்தை முடியும். வேறதுக்கு நேரமில்லீங்க."

"என்னத்தையோ ஆக்கித் தொலை."

ஆக்கினேன். அப்பளம் பொரித்து, நெய் ஊற்றி, கட்டித்தயிர் வைத்தேன். நால்வரும் இரண்டாம்முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். வீட்டு ஆம்பளைகளும் கூடவே உட்கார்ந்தார்கள். குக்கர் காலி. நான் அடுப்போரம் உட்கார்ந்து, தண்ணீர்ச் சோற்றைப் பிழிந்து போட்டு, முந்தாநாள் புளிக்குழம்புச் சட்டியை வழித்துக்கொண்டிருந்தேன். காலை ஆறு மணிக்கு நான்கு இட்லி தின்றது. மில்லுக்குக் கொண்டுபோன சோறு அன்றைக்கு ஊசிப்போயிருந்தது. பசி காதை அடைத்தது.

கை கழுவப் பின்பக்கம் வந்த பெண்ணின் அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏங் கண்ணு, நீ அதச் சாப்பிடலியா?"

"எனக்கு இதுதானுங்க புடிக்கும்" என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் என் தலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

நான்கு நாளில் பதில் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். ஜாதகம் பார்த்த பிறகுதானே வீடு பார்க்கவே வந்தார்கள்? மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "மொத மொதல்ல வந்த சம்பந்திக்கு ஒரு வடை உண்டா, பாயசம் உண்டா? அரிசிம்பருப்ப ஆக்கி வெச்சா எவன் பொண்ணு குடுப்பான்? ஊட்டுல இருந்திருந்தா இப்படி ஆகுமா?" தெருவெல்லாம் சொன்னார். அடுத்த மாதம் வீட்டில் என்னை மில்லுக்குப் போகாமல் நிறுத்தினார்கள். என் கணவர் சொன்னது இவ்வளவுதான்: "கொஞ்ச நாளைக்கு இரு. அப்பறம் போலாம்."

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. கொழுந்தனாருக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அதற்குப் பிறகும் நான் போகவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்தரை ஆனால் என் கை தானாகக் குக்கரை எடுக்கும், அவ்வளவுதான்.

இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கருமத்தம்பட்டி அம்மாவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே. கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நாக்கு நிற்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கம்மா, அன்னிக்குச் சோறு அவ்வளவு மோசமாங்க?"

"அய்யோ, என்ன கண்ணு இப்படிக் கேக்கறே? அந்த ருசி இன்னும் நாக்குல இருக்குது. நீ சட்டி வழிச்சதப் பாத்துட்டுத்தான் எம்புள்ளய அங்க குடுக்கல. வேலைக்குப் போயிட்டு வந்த புள்ளைக்கு ஒரு வாய் சுடுசோறு இல்லாத ஊடு அது. மத்தவங்களுக்கு ஜாதகம்னு சொல்லுங்க, உன்ற ஊட்டுக்காரருகிட்ட மட்டும் நெசத்தச் சொல்லிப்போடுங்கன்னு தரகருகிட்டச் சொல்லி உட்டமே. உன்ற ஊட்டுக்காரரு உங்கிட்டச் சொல்லலியா?"

அவர் பெண் அந்தப் பக்கம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சராம். நல்லா இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். மறுக்கவில்லை. தரகர் சொன்னது உண்மைதான் என்றார். "அம்மா மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லல. அந்தச் சமயத்துல நீ ஊட்டுல இருந்தது எல்லாத்துக்கும் சௌகரியமாவும் இருந்துச்சு." எல்லாத்துக்கும். ஒரு சமையல் குற்றத்தை இருபது வருஷம் என் தலையில் சுமக்கவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் மனிதர். மாமியார் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.

மறுநாள் பஸ் ஏறிப் பீளமேடு போனேன். வேலை கேட்கவா போக முடியும்? சும்மா பார்க்கத்தான் போனேன். மில் இல்லை. மூடி, இடித்து, அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். வைண்டிங் ஹால் எங்கே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன. அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் வாட்ச்மேன் வந்தார். மரியாதையான ஆள்.

"யாருங்க வேணும்?"

"யாருமில்லீங்க. நான் இங்க வேலை செஞ்சவ."

"அப்படீங்களா? எந்த ஊட்டுலீங்க?"

ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினேன் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அங்கே ஒரு மில் இருந்ததே அவருக்குத் தெரியாது.