கேட்டில் தொங்கிய வெறும் தூக்குவாளி

மல்லிப்பூ வாசம், சாம்பார்ல கொதிக்கிற பெருங்காய வாசம், நடுவுல எங்க ஊரு உப்புக்காத்து... என் நிச்சயதார்த்தத்தன்னைக்குக் காலைல தூத்துக்குடில எங்க வீடு இப்படித்தான் மணந்துச்சு.

அப்போ நான் ஹார்பர் ரோட்டுல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க புதுக்கோட்டைலேருந்து வேன்ல வாராங்க. எனக்குத் தலை பின்னிப் பூ வச்சு விடுறேன்னு சொல்லியிருந்தது பக்கத்து வீட்டு பிலோமி சித்தி. சொந்தமெல்லாம் இல்ல. அவங்க மாதா கோயிலுக்குப் போற குடும்பம், நாங்க அம்மன் கோயிலுக்கு. எங்கம்மாவ அவங்க அக்கான்னு கூப்பிட்டதால எனக்குச் சித்தி, அவ்ளோதான்.

ரெண்டு வீட்டுக்கும் நடுவுல எங்கம்மா பேரு வெட்டின ஒரு தூக்குவாளி ஓயாம நடந்துட்டே இருக்கும். இங்கேருந்து கூட்டாஞ்சோறு போனா அங்கேருந்து இறால் தொக்கு வரும். கிறிஸ்மஸ்னா கேக். ஒண்ணுமே இல்லாத நாள்லயும் ஒரு கை சீனி போட்டாவது அனுப்புவாங்க. வெறும் பாத்திரம் திரும்பி வந்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா அதுல விசேஷத்துக்குச் சுட்ட முந்திரிக்கொத்து அடுக்கிக் குடுத்து விட்டிருந்தா.

காலைல பாத்தா, வாளி எங்க கேட்டுல தொங்குது. தேச்சுக் கழுவி, பளபளன்னு... உள்ள ஒண்ணுமே இல்ல.

சித்தி வீடு பூட்டிக் கிடக்கு.

"ஏளா, நல்ல நாளும் அதுவுமா வெறும் வாளிய மாட்டிட்டுப் போயிருக்காளே!" அம்மா முகம் சுருங்கிப் போச்சு.

எனக்கு ஒண்ணும் ஓடல. நாம என்ன தப்பு பண்ணோம்? வெத்தலை பாக்கு வச்சு ஒழுங்காக் கூப்பிடலயா? போன வாரம், "சித்தி, முடிய இப்படி இழுக்காதீங்க"ன்னு நான் கத்துனதுக்கா? அதுக்குப் போயி இவ்ளோவா? கேக்கலாம்னா ஆளு இல்ல. தலைய எதிர்வீட்டு அக்கா பின்னி விட்டாங்க. நிச்சயதார்த்த போட்டோவ இப்பப் பாத்தாலும் எல்லாரும் சிரிக்காங்க, நான் மட்டும் திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கேன்.

விசேஷம் முடிஞ்சதும் அம்மா அந்த வாளிய பரண்ல தூக்கிப் போட்டா. "இனி இது அந்தப் படி ஏறாது"ன்னு ஒரே பேச்சு. சொல்லிட்டு அடுப்படில மூக்கை உறிஞ்சுனா.

நாலஞ்சு நாள் கழிச்சு அப்பா கடையிலேருந்து மத்தியானமே வந்துட்டாரு.

"பிலோமி அண்ணன் வேம்பாருல தவறிட்டானாம்ளா. நெஞ்சுவலி. நம்ம வீட்டு விசேஷத்தன்னைக்கு விடியக்காலம் STD பூத்துக்குப் போன் வந்திருக்கு. யார்ட்டயும் மூச்சு விடாம முதல் பஸ்ஸப் பிடிச்சுட்டா."

அம்மா நிமிந்து பரணைப் பாத்தா.

துட்டிச் சேதி, அதான் சாவுச் சேதி, வந்த வீட்டுலேருந்து நல்லது நடக்குற வீட்டுக்கு ஒரு பருக்கை வரக்கூடாதுன்னு பாக்குறவங்க நாங்க. சித்தி ஆளுங்க அதெல்லாம் அவ்வளவாப் பாக்க மாட்டாங்க. ஆனா நாங்க பாப்போம்னு அவங்களுக்குத் தெரியும். அழுகைய அடக்கிக்கிட்டு, வாளியக் கழுவி, சத்தம் போடாம மாட்டிட்டுப் போயிருக்காங்க... என் நாளு கெட்டுறக் கூடாதுன்னு.

மறுநாள் பரண்லேருந்து வாளி இறங்குச்சு. சோறு, ரசம், துவையல் செஞ்சு எடுத்துக்கிட்டு நானும் அம்மாவும் வேம்பார் பஸ் ஏறுனோம்.

கறுப்புச் சேலைல உக்காந்திருந்தாங்க சித்தி. அம்மாவப் பாத்ததும், "வெறும் வாளியா மாட்டிட்டு வந்துட்டேன்க்கா... கோவப்பட்டியளா?"ன்னு கேட்டாங்க.

"வாய மூடு. மொதல்ல சாப்பிடு"ன்னு சொல்லி அம்மா அவங்க தலைய இழுத்துத் தோள்ல சாச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் அழுதாங்க. சித்திதான் கண்ணத் தொடச்சுக்கிட்டு என்னப் பாத்து, "யாருளா தலை பின்னுனா? வகிடு கோணலா இருந்திருக்குமே"ன்னாங்க.

திரும்பி வரும்போது வாளி காலிதான். துட்டி வீட்டுலேருந்து எதுவும் கொண்டு வரக்கூடாதுல்லா. ஆனா அம்மா அத மடியில வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே வந்தா.

இப்போ நான் இருக்கிறது லிஃப்ட் வச்ச அப்பார்ட்மெண்ட். போன வாரம் எதிர் ஃபிளாட்டுப் பொண்ணுக்கு ஒரு டப்பால பணியாரம் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு அந்த டப்பா ஒரு கேரிபேக்ல, என் கதவுக் கைப்பிடில தொங்குச்சு. காலி.

எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. மனசு கேக்காம போய் பெல் அடிச்சேன். காதுல ஹெட்போனோட அந்தப் பொண்ணு வந்துச்சு.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்லாம்மா?"

"சூப்பரா இருக்கோம் ஆன்ட்டி! ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா..."

வந்து கதவைச் சாத்திட்டேன். நல்லா இருக்காங்க, சந்தோஷம்தான். அப்புறம் எதுக்கு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னு இப்ப வரைக்கும் புரியல. டப்பா மூடியத் திறந்து இன்னொரு தடவை பாத்தேன்.

காலிதான்.