தபசு அன்று பூட்டிய வீடு

ஆடித் தபசுக்கு வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வெளியூர் போன சங்கரன்கோவில்காரி என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், பார்க்கலாம். எங்கள் ஊரில் அம்மன் தவமிருக்கும் தபசுத் திருவிழா என்றால் வீடு நிறையும். குருவிகுளம் பக்கமிருந்தும் மேலநீலிதநல்லூர் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள் முந்தின நாளே வந்து இறங்கிவிடுவார்கள். குளிக்க வரிசை, கக்கூசுக்கு வரிசை, கூடம் முழுக்கப் பாய். ஒரு வருடம் எங்கள் வீட்டில் படுத்து எழுந்து போன இரண்டு பேர் யார் என்று எனக்கும் தெரியவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இட்லி அவித்தேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

இந்த வருடம் பூட்டினேன். உள்ளே என் மகளை வைத்துப் பூட்டினேன்.

பங்குனி மாதம் ஒரு பையும் லேப்டாப்புமாகச் சென்னையிலிருந்து வந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இனிப் போகமாட்டேன் என்றாள். காரணம் கேட்டேன். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது இவளை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகிறாராம். மூன்றாவது மாடி, ஒரே வாசல். சாயங்காலம் அவர் வந்து திறக்கிற வரைக்கும் உள்ளேதான். எனக்கு ஒரு சாவி கொடுங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். உன் நல்லதுக்குத்தான் பூட்டுகிறேன், வேண்டியதை எல்லாம் நானே வாங்கி வருகிறேன், உனக்கு வெளியே என்ன வேலை என்று அவர் சிரித்திருக்கிறார்.

நான் கேட்ட கேள்விகளை இப்போது எழுதக் கூசுகிறது. அடித்தானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேறு பொம்பளை உண்டா? இல்லை. அப்புறம் என்ன என்றேன். சென்னையில் திருட்டு பயம், பூட்டிவிட்டுப் போகிறான், இதற்கெல்லாம் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாளா என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் மட்டும், "நீ இங்கனயே இரு மக்கா" என்று சொல்லிவிட்டு உரக்கடையைத் திறக்கப் போய்விட்டார். மழை பொய்த்த வருடம். கடையில் ஈ ஓட்டுவதற்குத்தான் அவ்வளவு அவசரமாகப் போனார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னதற்காக ஒரு வாரம் அவரோடு சண்டை போட்டேன்.

தெருவில் என்ன சொல்வது? முதலில், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை, அதனால் வந்திருக்கிறாள் என்றேன். ஒரு மாதம் அது ஓடியது. பிறகு மாப்பிள்ளை ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்க ஆரம்பித்தார்கள். துபாய் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கம் ஒரு ஆம்பிளை ஊரில் இல்லை என்றால் துபாய் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் தோண்டமாட்டார்கள். கடையநல்லூர்ப் பக்கம் போனால் பாதித் தெரு அப்படித்தான்.

என் நேரம், அந்தப் பக்கம் சண்டை என்று டிவியில் காட்டத் தொடங்கினார்கள். ஏவுகணை, புகை, மூடிய விமான நிலையம். எதிர் வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவள் மகன் நிஜமாகவே அங்கே ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கவலையாகப் போச்சே என்றாள். நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். என் மருமகனுக்காகவும் சேர்த்துக் கோயிலில் நெய் விளக்கு போட்டுவிட்டு வந்து குங்குமம் கொடுத்தாள். சென்னையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தவனுக்காக அந்தக் குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டேன். என் மகள் கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஆடி வந்தது. தெருவைச் சமாளித்துவிட்டேன், சொந்தத்தை எப்படிச் சமாளிப்பது? கூட்டத்தில் ஒருத்தருக்காவது உண்மை தெரிந்திருக்கும். முக்கியமாக என் நாத்தனாரை ஏமாற்ற முடியாது. குருவிகுளத்துக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருக்கிறாள். வருடா வருடம் ஒரு சாக்கில் பருத்தி, வத்தல், பயறு எல்லாம் கட்டிக்கொண்டு வருவாள். தபசுக் காட்சி நேரத்தில் எங்கள் பக்கத்து விவசாயிகள் விளைந்ததில் ஒரு கை அள்ளி அம்மனை நோக்கி வீசுவார்கள், அடுத்த வெள்ளாமைக்காக. அதற்குத்தான் அந்தச் சாக்கு. அவள் நாக்குக்கு அவள் தம்பியான என் வீட்டுக்காரரே பயப்படுவார்.

அவளுக்குப் போன் போட்டு, ஒரு நேர்த்தி இருக்கிறது, கன்னியாகுமரி போகிறோம், வீடு பூட்டியிருக்கும் என்றேன்.

"அம்மனே கோயிலை விட்டு வெளிய வந்து நிக்கிற அன்னைக்கு நீ எங்கட்டி போற?" என்றாள்.

நேர்த்தி மதினி, நேர்த்தி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மகளையும் கிளம்பச் சொன்னேன். வேலை இருக்கிறது, வரமாட்டேன் என்றாள். அப்படியானால் முன்வாசலில் பூட்டு தொங்க வேண்டும், முன் அறையில் லைட் போடாதே, டிவி சத்தம் வெளியே கேட்கக் கூடாது, யார் தட்டினாலும் மூச்சு விடாதே என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "பூட்டிக்கோ" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். புறவாசல் இருக்கிறதே, உள்தாழ்ப்பாள்தானே, வேண்டுமென்றால் சந்து வழியாகப் போய்க்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை மணிபர்ஸில் போட்டேன்.

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் அது. இதற்கு முன்னால் குற்றாலம் போனால் கூட வேன் நிறைய ஆள் இருக்கும். திருநெல்வேலியில் பஸ் மாறினோம். கன்னியாகுமரி வரைக்கும் அவர் ஜன்னலைப் பார்த்தார், நான் மணிபர்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லாட்ஜ்காரன் கல்யாண நாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

கடற்கரையில் புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வளையல் குலுங்க அவன் தோளில் சாய்ந்து நின்றாள். அவள் கையில் அந்த வீட்டுச் சாவி இருக்குமா என்று நினைத்தேன். இந்த மாதிரி நினைப்பு எனக்கு வந்ததே கிடையாது. எங்கள் வீட்டில் சாவி எப்போதும் என் இடுப்பில்தான். பேசாத மனுஷன், சினிமாவுக்குக் கூட்டிப் போகாத மனுஷன் என்று முப்பது வருடமாக அவரைக் குறை சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் எங்கே போகிறேன், எப்போது வருகிறேன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதை ஒரு நல்லதாக நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

மறுநாள், அதாவது தபசு அன்று காலையில், சூரியன் உதிப்பதைப் பார்க்க எல்லோரும் முண்டியடித்தார்கள். எங்கள் ஊரிலும்தான் உதிக்கிறது என்று நான் முணுமுணுத்தேன். அவர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவனும் இப்படித்தான பூட்டிட்டுப் போனான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவனும் நானும் ஒன்றா, நான் பெற்றவள், நல்லதுக்குத்தான் பூட்டினேன், அவள் மானத்தைக் காக்க என்று அத்தனை பேர் மத்தியில் கத்தினேன். பக்கத்தில் நின்ற வடநாட்டுக்காரர்கள் சூரியனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் சண்டைக்கு வந்திருந்தால் தப்பித்திருப்பேன். கத்திக் கத்தி நானே ஓய்ந்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. நல்லதுக்குத்தான் பூட்டுகிறேன் என்று அந்தப் பயலும் சொல்லியிருக்கிறான். இதே வார்த்தை.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். பூட்டியிருந்தாலும் பரவாயில்லை, வாசல் படியில் சாக்கை வைத்துவிட்டுக் கொஞ்சம் உட்காரலாம் என்று எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறாள். வேறெங்கே போவாள்? அவள் இருமியதை என் மகள் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். தண்ணீர் கேட்டு அவள் எதிர் வீட்டுக்கு எழுந்தபோது இவளால் பொறுக்க முடியவில்லை. புறவாசலைத் திறந்து, சந்து வழியாகச் சுற்றி, செம்பில் தண்ணீரோடு முன்னால் போய் நின்றிருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எதிர் வீட்டுக்காரியும் நின்று கேட்டிருக்கிறாள்.

நாத்தனார் கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி நான் கேட்டதில்லை.

"ஏட்டி, பிள்ளைய உள்ள வச்சுப் பூட்டிட்டு நீ எந்தச் சாமியப் பாக்கப் போனே?"

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் எல்லோரும் எங்கள் ஊருக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள். நாகர்கோவில்காரி ஒருத்தி, உங்க ஊரில் தங்குவதற்கு இடம் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கூட்டம் காரணமாக ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்தோம். மணிபர்ஸில் இருந்த சாவி கனத்தது என்று எழுதினால் பொய். சாவி எப்போதும் போலத்தான் இருந்தது. நான்தான் நடக்க மாட்டாமல் நடந்தேன்.

முன்வாசலில் பூட்டு அப்படியே தொங்கியது. சந்துக்குள் போனால் புறவாசலில் செருப்புக் குவியல். எங்கள் சொந்தம் முழுக்க மாட்டுச் சாணியையும் சாக்கடையையும் தாண்டிப் புறவாசல் வழியாக உள்ளே போய்க் கூடத்தில் பாய் விரித்திருந்தது. மகள் அடுப்படியில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"எம்மா, முன்வாசலைத் திற. அத்தையால சாக்கையும் தூக்கிட்டுச் சந்து வழியாச் சுத்தி வர முடியாது."

அவ்வளவுதான் சொன்னாள். பூட்டு வெளியே இருக்கிறது. நான் மறுபடியும் சந்து வழியாகச் சுற்றித் தெருவுக்குப் போய், போகிற வருகிற கூட்டமெல்லாம் பார்க்க என் வீட்டை நானே திறக்க வேண்டியிருந்தது. கதவைத் தள்ளியதும் நேரே மகள் நின்றாள். சாவியை அவள் கையில் கொடுத்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அவள் அதைச் சுடிதார் பையில் போட்டுக்கொண்டாள்.

எதிர் வீட்டுக்காரி அவள் வாசலில் நின்றாள். நான் குறுக்கே கடந்து போனேன்.

"துபாயும் இல்ல ஒண்ணும் இல்ல. அவன் சென்னையிலதான் இருக்கான். என் மக இனி அங்க போகமாட்டா."

"அவ காலையிலயே சொல்லிட்டா," என்றாள்.

"நீ போட்ட விளக்கு..."

"எம்மவனுக்கும் சேத்துத்தான போட்டேன். வீணாப் போகாது, போ." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மகனிடமிருந்து இரண்டு நாளாகப் போன் வரவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் வந்துவிட்டது. ஆனால் அன்று அவளுக்கு அது தெரியாது.

சாயங்காலம் தபசு மண்டபத்துப் பக்கம் கால் வைக்க இடமில்லை. நாத்தனார் சாக்கை அவிழ்த்தாள். எப்போதும் நிறைந்து வரும் சாக்கு, இந்த வருடம் அடியில்தான் கொஞ்சம் கிடந்தது. பருத்தி கறுத்திருந்தது, வத்தல் சுருங்கிக் கிடந்தது. இதையும் ஏன் வீசுகிறாய், குழம்புக்காவது ஆகுமே என்று வேறொரு வருடமாக இருந்தால் கேட்டிருப்பேன். எங்கள் எல்லோருக்கும் ஒரு கை கொடுத்தாள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது, எல்லாப் பக்கமிருந்தும் பருத்தியும் பயறும் பறந்தன. மகள் எக்கி நின்று வீசினாள். யாரோ தூரத்துச் சொந்தம் அவளிடம் மாப்பிள்ளை வரவில்லையா என்று கேட்டது காதில் விழுந்தது. இல்லை, நான் பிரிந்து வந்துவிட்டேன் என்று அந்தக் கூச்சலிலும் கேட்கும்படி சொன்னாள். எனக்கு உடம்பு ஒரு தடவை சுருங்கியது. அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகுமா?

பருத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கை எழவில்லை. நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"வீசுட்டி. உனக்கு இல்லன்னா அவளுக்கு."

வீசினேன். அம்மன் பக்கம் போகவில்லை, முன்னால் நின்ற ஒரு பெரியவரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. அவருக்குத் தெரியவே இல்லை, பருத்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார். மகள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். என் வீட்டுக்காரரும் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்க நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மகள் சுடிதார் பையைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.