அம்மா கழுவிய வில்

வயலின் கற்கப் போகும் குழந்தைகளுக்கு முதலில் கழுத்து வலி வரும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது பொறாமை. தாராவியில் எங்கள் தமிழ் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த ஹாலில் சனிக்கிழமைதோறும் வயலின் வகுப்பு நடந்தது. செம்பூரிலிருந்து பெரியம்மா மகளும் அதற்கு வருவாள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், அவ்வளவுதான். ஆனால் அவள் மூன்றாவது பொசிஷனுக்குப் போய்விட்டாள், நான் முதல் பொசிஷனிலேயே கிடந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முதல் பொசிஷனில் இடது கை வயலின் கழுத்தின் நுனியில், சுருள் தலைக்குப் பக்கத்தில் நிற்கும். விரல்கள் எங்கே விழவேண்டும் என்று காட்ட மாஸ்டர் அங்கே மெல்லிய டேப் ஒட்டியிருப்பார். மூன்றாவது பொசிஷனுக்குக் கையை அப்படியே உடம்பை நோக்கி நகர்த்தவேண்டும். சுரம் உயரும். அந்த இடத்தில் டேப் கிடையாது, காதுதான் துணை. பெரியம்மா மகள் கையை வழுக்கிக்கொண்டு மேலே போகும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வகுப்பில் அனுமதி இல்லாததை நான் வீட்டில் செய்தேன். எங்கள் வீடு ஒரே அறை. அம்மா ஒரு மூலையில் ஜீன்ஸ் பாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள், நான் இன்னொரு மூலையில் நின்று மூன்றாவது பொசிஷனில் உலவிக்கொண்டிருப்பேன். என் காதுக்கு அது தேவலோகமாக இருந்தது. இதற்குள் முதல் பொசிஷனில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஒழுங்கும் போய்விட்டது. விரல்கள் டேப்பை மதிப்பதையே விட்டுவிட்டன.

மாஸ்டர் டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வரும் இளைஞர். அதட்டத் தெரியாதவர். குறை சொல்வதென்றால் அம்மாவிடம்தான் சொல்வார்.

"அக்கா, இவ கை ஒரு இடத்துல நிக்கவே மாட்டேங்குது. ஃபர்ஸ்ட் பொசிஷனே இன்னும் கச்சாவா இருக்கு. அது பக்கா ஆகட்டும், அப்புறம் மேல போலாம். அவசரம் என்ன?"

அவசரம் கிறிஸ்துமஸ். வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து மேடையில் ஒரு பாட்டு வாசிப்பது வழக்கம். முதல் சரணம் எல்லோருக்கும். இரண்டாவது சரணம் மூன்றாவது பொசிஷனில் வரும், அது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். சின்னவர்கள் வில்லை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கவேண்டும். நான் சும்மா நிற்பேன் என்று நம்புகிற அளவுக்கு மாஸ்டர் ஏமாளி இல்லை. இந்த வருஷம் என்னை விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சபையே பார்க்க வரும் நாளில் பிள்ளையைக் கீழே உட்கார வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. இருவரும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதை மாஸ்டர் எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு.

வயலின் வில்லில் குதிரைமுடி கட்டியிருக்கும். அதில் ரோசின் என்னும் பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் தந்தியைப் பிடித்துச் சத்தம் எழுப்பும். ரோசின் போய்விட்டால் வில் சும்மா வழுக்கும், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் வில் ஃபேனுக்குக் கீழே காய்ந்துகொண்டிருந்தது. முடி பளபளவென்று இருந்தது.

"ஒரே வெள்ளைப் பொடியா அப்பிக் கிடந்துச்சுட்டீ. நாலு பேரு முன்னால அழுக்கு வில்லோடயா நிப்பே?" என்றாள் அம்மா.

புது ஃபிராக், புது ரிப்பன், புது வில் என்று நானும் சந்தோஷப்பட்டேன். இனிமேல் வாசித்துப் பார்க்கக்கூடாது, கை அசந்துவிடும் என்று மாஸ்டர் சொல்லியனுப்பியிருந்தார். வகுப்பிலேயே எனக்கு மட்டும் சொன்னார் என்பதை நான் விசேஷ கவனிப்பாக எடுத்துக்கொண்டேன்.

மேடையில் கடைசி வரிசையில் நின்றேன். முதல் சரணத்திலேயே தெரிந்துவிட்டது, இன்றைக்கு என் கையில் ஏதோ இறங்கியிருக்கிறது. வில் வெண்ணெயில் ஓடுவது போல ஓடியது. என் காதோரம் அத்தனை சுத்தமாகச் சத்தம் வந்ததே இல்லை. இரண்டாவது சரணம் வந்தது. மற்ற சின்னப் பிள்ளைகள் வில்லை இறக்கினார்கள். நான் கையை மேலே நகர்த்தி, கண்ணையும் மூடிக்கொண்டேன். ஒரு பிசிறு இல்லை. பாட்டு முடிந்து கைதட்டியபோது அதில் பாதி எனக்குத்தான் என்று நினைத்தேன். இனிமேல் மாஸ்டர் எந்த முகத்தோடு என்னை முதல் பொசிஷனில் நிறுத்துவார்?

அதோடு இறங்கியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். போதகரின் மனைவி மைக்கைப் பிடித்து, "சின்னப் பிள்ளைங்கள்ல யாராவது தனியா ரெண்டு வரி வாசிங்க பாப்போம்" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் மேடையின் முன்னால் நின்றேன். மாஸ்டர் கையை ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

நேராக மூன்றாவது பொசிஷனில் கையை வைத்து வில்லை இழுத்தேன். சத்தம் வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தேன். காற்றுப் போகிற மாதிரி ஒரு சீறல் வந்தது. முன்வரிசையில் ஒரு பையன் "அரே, ம்யூட்ல இருக்கு" என்றான். சிரிப்பு கிளம்பியது.

பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்து வந்தாள். அந்தச் சபையில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. எங்கள் சந்துப் பெண்களில் பத்தாவது வரை தமிழில் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை வேதபாடத்தைத் தடுமாறாமல் வாசிப்பவள். அவள் எல்லோரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"பிள்ளை மேல தப்பு இல்ல. வில்லுல பொடியா இருந்துச்சு, அழுக்குன்னு நெனச்சு நாந்தான் ஷாம்பு போட்டுக் கழுவிட்டேன். அதைக் கழுவக் கூடாதாம்லா, எனக்குத் தெரியல."

சிரிப்பு இப்போது என்னை விட்டுவிட்டு அவள் மேல் போனது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். போதகரின் மனைவி, "அதுக்கென்ன, அக்காவோட வில்லை வாங்கி வாசிக்கட்டும்" என்றார். பெரியம்மா மகள் உடனே தன் வில்லை நீட்டினாள். நான் அதைத் தொடுவதற்குள் அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம்மா, அடுத்த பிள்ளை வில்லு. எங்க வீட்டுல ஒண்ணைக் கெடுத்தது போதும்."

மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்போடு என்னை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனாள். முதலில் வில்லைக் கெடுத்தாள், அப்புறம் வந்த வாய்ப்பையும் பிடுங்கினாள். இவளைவிட எனக்கு எதிரி உலகத்தில் கிடையாது என்று முடிவு செய்தேன்.

"தெரியலைன்னா கேட்டிருக்கலாம்ல? எதுக்கு என் வில்லைத் தொட்ட?" என்று வழியெல்லாம் கத்தினேன்.

"தொட்டிருக்கக் கூடாதுதான்" என்றாள்.

அதன் பிறகு நெடுநாள் சர்ச்சில் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. கோயிலைச் சுத்தம் செய்யும் நாட்களில் அவள் ஈரத்துணியை எடுத்தாலே, "ஏளா, ஆர்மோனியத்தைக் கழுவிராத" என்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வேதபாடம் வாசிக்க அவள் எழுந்தால்கூட இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அவமானமாக இருக்கும், அவளுக்காக அல்ல.

ஜனவரியில் மாஸ்டர் என்னை மறுபடி முதல் பொசிஷனிலேயே நிறுத்தினார். அம்மா செய்த காரியத்துக்கு எனக்குத் தண்டனை என்று எண்ணினேன். அந்தக் கோபத்தில்தான் ஒழுங்காகப் பயிற்சி செய்யவே ஆரம்பித்தேன். டேப்பைப் பார்த்து விரலை வைத்தேன். ஒரே சுரத்தை, வில்லின் அடியிலிருந்து நுனி வரை, நடுங்காமல் வரும்வரை இழுத்தேன். மேலே போகத் துடித்த கையை நானே பிடித்து வைத்தேன். மாதங்கள் போனது தெரியவில்லை. ஒருநாள் மாலை அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்பதாம்ட்டீ சரியா நிக்குது" என்றாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வில்லைக் கழுவுனவ நீ. உனக்கு என்ன தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.