பத்து மணிக்கு அளந்த காற்று

1. இரண்டு ரிப்போர்ட்

காற்றில் இருக்கும் தூசியை அளந்து சொல்லும் ஒரு தனியார் லேபில் இருபத்தாறு வருடம் ஃபீல்டு டெக்னீஷியனாக இருந்தேன். காரைக்கால் பக்கம் காற்றைப் பற்றி யார் புகார் செய்தாலும் சாம்ப்ளரைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். சாம்ப்ளர் என்பது மோட்டார் வைத்த ஒரு பெட்டி. காற்றை உறிஞ்சி ஒரு வெள்ளைக் காகிதத்தின் வழியாக விடும். காகிதத்தை முன்னும் பின்னும் எடை போட்டால் தூசி எவ்வளவு என்று தெரிந்துவிடும். இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தருமபுரத்தின் மேற்கு ஓரத்தில், ஒரு அரிசி ஆலைக்குக் கிழக்கே இருந்த தெருவிலிருந்து புகார் வந்தது. கொடுத்தவர் கலைச்செல்வி, அங்கன்வாடி டீச்சர். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு மூச்சிரைப்பு. வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. அப்போது பங்குனி மாதம். அவர் வீட்டு மொட்டை மாடியில் காலை பத்து மணிக்கு மெஷினை ஓடவிட்டு, மாலை ஆறு மணிக்கு நிறுத்தினேன். காகிதம் வெளுப்பாகவே இருந்தது.

அன்றைக்கே அவர் சொன்னார். "சார், நீங்க வர்ற நேரத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். விடியக்காலைல வந்து பாருங்க."

பத்து மணிக்கு முன்னால் ஆபீஸ் வண்டி கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். அது உண்மை. வற்புறுத்திக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பதும் உண்மை. புகார் கொடுப்பவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். மண்டைக்கனம், வேறென்ன.

ஐப்பசியில் அவர் மறுபடி எழுதினார். நானும் போனேன், அதே பத்து மணிக்கு. முதல் நாள்தான் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. காகிதம் முன்னைவிட வெளுப்பு. இரண்டு ரிப்போர்ட்டிலும் "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆலைக்காரர் இரண்டையும் நகலெடுத்து அதிகாரிகளிடம் காட்டினார். புகாரை முடித்துவிட்டார்கள்.

2. தை மாதத்து விடியல்

வரிச்சிக்குடியில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டு, புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். ஆலையின் புகை மேலே போகவில்லை. பனியோடு சேர்ந்து கலைச்செல்வியின் தெருவுக்குள் படுத்துக் கிடந்தது. கண் எரிந்தது. பஸ் போனால் போகட்டும் என்று பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். வெயில் ஏறுவதற்குள் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டியாக வேண்டும், அதனால் மூன்று மணிக்கே உமியைப் போட்டு பாய்லரை மூட்டி எட்டு மணிக்கெல்லாம் அணைத்துவிடுவார்கள் என்றார் கடைக்காரர். ஊருக்கே தெரிந்த விஷயமாம்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நமக்குக் கிழக்கே கடல். பகலில் தரை சூடானதும் கடற்காற்று உள்ளே வந்து, மிச்சமிருக்கும் புகையையும் மேற்கே வயல் பக்கம் தள்ளிவிடும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் விடிகாலைக் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து, அதாவது ஆலையிலிருந்து அந்தத் தெருவைப் பார்த்துப் போகும். தை, மாசியில் அதற்கு வேகமும் கிடையாது. குளிர்ந்த காற்று தரையை விட்டு எழும்பாது, அதில் சேர்ந்த புகையும் எழும்பாது. நானோ பாய்லர் அணைந்த பிறகு, காற்று திரும்பிய பிறகு, மழை கழுவிய பிறகு என்று பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறேன். ஆலைக்காரர் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

அடுத்த வாரமே ஆபீஸில் சண்டை போட்டு வண்டி வாங்கி, விடிகாலை நாலு மணிக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்த கலைச்செல்வியிடம் பாப்பா தூங்குகிறதா என்று கேட்டேன். இரண்டாவது ரிப்போர்ட் வந்ததுமே திருவாரூரில் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். பள்ளிக்கூடமும் அங்கேயேதான் என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாடிக்கு ஏறினேன்.

எட்டு மணிக்கு எடுத்த காகிதம் கரி துடைத்த துணி மாதிரி இருந்தது.

3. சித்திரையில் ஒரு கேள்வி

ஆலைக்கு உத்தரவு போனது. புகைபோக்கியை உயர்த்தி, புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரித்தெடுக்கும் சைக்ளோன் என்ற கருவியையும் வைத்தார்கள். வேலை முடியச் சித்திரை ஆகிவிட்டது. கலைச்செல்வியிடம் நேரில் போய்ச் சொன்னேன்.

"அப்ப எம்பொண்ண அழைச்சிட்டு வந்துடலாமா சார்? நீங்க சொன்னா நாளைக்கே போயிடுவேன்."

சரி என்ற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். பனி இல்லாத சித்திரையில் விடிகாலையில் அளந்தாலும் காகிதம் வெளுப்பாக வரக்கூடும். அது சைக்ளோன் செய்த வேலையா, சித்திரை செய்த வேலையா என்று எனக்குத் தெரியாது. அடுத்த தையில் பனி விழுந்த பிறகு நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இதைச் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணுக்குப் பக்கத்தில் மாதம், மணி, காற்றின் திசை மூன்றையும் எழுதுங்கள். அளப்பதற்கு முன் புகார் கொடுத்தவரிடம் எப்போது மூச்சு முட்டுகிறது என்று கேளுங்கள். என் முதல் இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்ணில் ஒரு பிழையும் இல்லை. அந்தச் சரியான எண்ணால்தான் ஒரு குழந்தை ஒரு வருடத்துக்கு மேல் தாயைப் பிரிந்து இருக்க வேண்டி வந்தது.

நான் கிளம்பும்போது கலைச்செல்வி வாசல் வரை வந்தார்.

"தையில எத்தன மணிக்கு வருவீங்க சார்?"

"மூணு மணிக்கும்மா."

"அப்பச் சரி, வாங்க," என்றார்.