இடது சீட்டுக்கு ஒரு ஆள்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரார் வைத்த பெயர் ‘பிரேக்’. முதலில் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு டீக்கடையில் சொன்னார்கள். கடைசியில் கூடப்பிறந்த அண்ணனே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். பெயரில் தப்பில்லை. பயிற்சிக் காரில் ஓட்டப் பழகுகிறவர் வலப்பக்கம் உட்காருவார், மாஸ்டர் இடப்பக்கம். மாஸ்டரின் காலடியில் தனியாக இன்னொரு பிரேக் உண்டு. தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து சோம்பல் முறித்தாலே போதும், அவர் கால் அதன் மேல் இறங்கிவிடும். ஓட்டுகிறவன் பார்த்தானா, தானே நிறுத்துவானா என்று காத்திருக்கிற பேச்சே கிடையாது.

“நான் பார்த்துட்டேன் சார்” என்பான் பையன்.

“எல்லாரும் பார்த்துட்டுத்தான் இடிக்கிறாங்க” என்பார் மாஸ்டர்.

இப்படிப்பட்டவர் சொந்தக் காரில் ஆசியாவைக் குறுக்காகக் கடந்து, நிலம் முடிகிற மேற்குக் கடல் வரைக்கும் போகப்போகிறார் என்றால் யார் நம்புவார்கள்? டீக்கடைக்காரர் நம்பவில்லை. “போய்ச் சேர்றதுக்குள்ள கடல் வத்திடும் மாஸ்டர்” என்றார்.

யோசனை அண்ணனுடையது. அண்ணன் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு டிரைவிங் ஸ்கூல் ஆபீசில் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் வந்து சாய்ந்துகொள்வார். சாலைக் குறியீட்டுப் பலகைகளுக்கு நடுவே ஆசிய வரைபடம் ஒன்றை மாட்டியதும், அதில் சிவப்பு மையால் மேற்கு நோக்கிக் கோடு இழுத்ததும் அவர்தான். மலைக் கணவாய் வரும் இடத்தில் கோடு கொஞ்சம் நெளிந்திருக்கும்.

“வாழ்நாள் பூரா அடுத்தவன் ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து பயந்தே” என்பார். “ஒரு தடவை நீ ஓட்டுடா. நான் உக்காந்து பயப்படறேன்.”

மாஸ்டர் சிரிப்பார். ஆனால் அந்த வார்த்தை அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இவ்வளவு பேருக்கு ஸ்டீரிங்கைக் கொடுத்தாயிற்று. தனக்கென்று ஒரு நீளமான சாலை, அதில் தன் கையில் வண்டி, கடல் தெரிகிறவரை. வேறு எதற்கும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மழைக்காலத்தில் ஒரு காலை, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் கடைசிப் பொத்தானைப் போடாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் வண்டியில் பேசுவதை நிறுத்திவிட்டார். மாணவர்கள் தப்பு செய்தால் பிரேக் விழும், திட்டு விழாது. அதுதான் அவர்களுக்கு அதிகப் பயமாக இருந்தது. பெஞ்சில் அண்ணன் சாய்ந்த இடத்தில் யாராவது உட்கார்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். வெயில் திரும்பியபோது ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “நான் போறேன்” என்றார் மனைவியிடம். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

போவதில் ஒரு சிக்கல் இருந்தது. இங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டீரிங் வலப்பக்கம். மேற்கே போகப் போக நாடுகள் மாறும். பாதி வழிக்கு மேல் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஸ்டீரிங் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தால், ஓட்டுகிறவர் சாலையின் ஓரத்தில் மாட்டிக்கொள்வார். லாரியின் பின்கதவைத் தவிர அவருக்கு எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க முடிவது இடது சீட்டில் இருப்பவருக்குத்தான். அவர் ‘போ’ என்றால் போக வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் நிற்க வேண்டும். அண்ணன் இருந்திருந்தால் அந்தச் சீட்டைப் பற்றி யோசித்தே இருக்க வேண்டியதில்லை.

“நான் வர்றேன் மச்சான்” என்றான் மனைவியின் தம்பி.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சட்டை எடுக்கக் கடைக்குப் போனால்கூட நாலு பேரைக் கேட்டுவிட்டு, எடுக்காமலே திரும்பி வருகிறவன். அவன் ஒரே மூச்சில் பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் சம்மதித்ததும் மாஸ்டருக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

“கடையை யார் பார்ப்பா?”

“பூட்டிடலாம்.”

“உன் வீட்டுல என்ன சொன்னாங்க?”

“சந்தோஷமா போயிட்டு வாங்கன்னு.”

இந்த இடத்தில்தான் மாஸ்டரின் சந்தேகம் எழுந்து உட்கார்ந்தது. மச்சினன் பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கே சந்தோஷப்படாத வீடு அது.

தன் வீட்டிலும் காற்று மாறியிருந்தது. மனைவி சண்டை போடுவதை விட்டுவிட்டாள். இருவருக்கும் கம்பளிச் சட்டை வாங்கி வந்தாளே தவிர, எதற்கு, எப்போது, எவ்வளவு நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாஸ்டர் அறைக்குள் நுழைந்தால் அவள் போன் பேச்சு “சரி, அப்புறம்” என்று முடியும். சண்டை போடுகிற மனைவியோடு குடும்பம் நடத்திப் பழகியவருக்கு, சண்டை போடாத மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது கஷ்டமாக இருந்தது. விசா ஏஜெண்ட் அடிக்கடி, “பேப்பர் ரெடியாகுது, பொறுமையா இருங்க” என்பதும் சரியாகப் படவில்லை. ஏஜெண்டுக்கு இவள் போன் செய்கிறாளோ?

மாஸ்டர் யாரிடமும் சொல்லாமல் பயிற்சிக் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனார்.

“இடது பக்கத்து பிரேக்கோட கம்பியைக் கழட்டிடு. பெடல் மட்டும் இருக்கட்டும்.”

மெக்கானிக் துணியால் கையைத் துடைத்தபடி பார்த்தான். “பார்வைக்கு மட்டுமா?”

“பார்வைக்கு மட்டும்.”

“யாரைப் பிடிக்கறதுக்கு மாஸ்டர்?”

“எலியை” என்றார் மாஸ்டர்.

ஊருக்கு வெளியே புதுப் புறவழிச்சாலை ஒன்று பாதி போட்டுக் கிடந்தது. இரண்டு முனைகளிலும் தார் டிரம்களை வைத்து மூடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் அங்கே ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். ஸ்கூலின் பழைய லாரியை மெக்கானிக் முன்னால் நிதானமாக ஓட்டுவான். ஸ்கூலில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் சின்ன மாஸ்டர் இன்னொரு காரில் எதிரே வருவார். எல்லோரும் சாலையின் வலப்பக்கத்தையே பிடிக்க வேண்டும். எதிர்க் கார் எப்போது வரும் என்பது சின்ன மாஸ்டரின் இஷ்டம்.

“சொல்லிட்டு வரவா சார்?”

“சொல்லிட்டு வந்தா நான் எதுக்கு இவனை உக்கார வைக்கணும்? மண்பொம்மையை வச்சிக்கிட்டுப் போயிடுவேனே.”

மச்சினன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏறினான். “பாலைவனத்துக்குப் பழகிக்கறேன்” என்றான்.

லாரி முன்னால் போயிற்று. மாஸ்டருக்கு அதன் பின்கதவும் புகையும்தான் தெரிந்தன. வலது கையில் புல், முன்னால் இரும்பு. இந்த மாதிரிக் குருடாக அவர் வண்டி ஓட்டியதே இல்லை.

“பாரு. என்ன தெரியுது?”

“காலியா இருக்கு மச்சான். போ!”

அதே நேரம் மாஸ்டரின் காதில் இன்னொரு சத்தம் விழுந்தது. மச்சினனின் காலடியில், பெடல் தரையில் மோதிய சத்தம். கம்பி இல்லாத பெடல் ஒரே மிதியில் அடி வரை போயிருந்தது.

மாஸ்டர் போகவில்லை. லாரியின் பின்னாலேயே தங்கினார். மறு கணம் சின்ன மாஸ்டரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு இடப்பக்கத்தில் சீறிக் கடந்தது.

டிரம்களின் ஓரமாக வண்டியை நிறுத்தினார். மச்சினன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

“வாய் போன்னு சொல்லுச்சு” என்றார் மாஸ்டர். “கால் என்ன சொல்லுச்சு?”

“எந்தக் கால்?”

“உன் கால்தான். என் கால் இந்தப் பக்கம் இருக்கு.”

மச்சினன் பெடலைப் பார்த்தான், கையால் தொட்டும் பார்த்தான். அது தொளதொளவென்று ஆடியது. “இதுல ஒண்ணுமே இல்லையே! என்ன மச்சான், என்னைக் கொல்லப் பார்த்தியா?”

“கார் வர்றது தெரிஞ்சும் போன்னு சொன்னது நீ.”

“நான் பிரேக் போட்டேனே!”

“அதுக்கு ஏன்டா வாயால போன்னே?”

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். “அக்காதான் சொல்லிச்சு. நீ என்ன சொன்னாலும் தலையாட்டணுமாம். குறுக்கே பேசினா நீ தனியா கிளம்பிடுவியாம். கூடவே இருந்தா, பேப்பர் வர்றதுக்குள்ள ஆசை தன்னால அடங்கிடும்னுச்சு. என்னால மாட்டேன்னு சொல்ல முடியுமா? அது என்னைத் தூக்கி வளர்த்தவ.”

சந்தேகம் பலித்துவிட்டால் மனிதனுக்கு ஒரு திருப்தி வரும். மாஸ்டருக்கும் வந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அது கசந்துவிட்டது. தன்னைச் சுற்றி எல்லோரும் கைகோத்து நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, தன் பக்கம் நிற்க இறந்துபோன ஒருவரைத் தவிர யாருமில்லை என்றும் தெரிந்தது.

மனைவி கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் தம்பிக்கு என்ன சொல்லிக் கொடுத்தே?”

“தலையாட்டச் சொன்னேன்” என்றாள் கையை நிறுத்தாமல். அவளிடம் பொய் இல்லை. அதுவே அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

“ஏஜெண்ட்கிட்டயும் பேசினியா?”

“பேசினேன்.”

“இழுத்தடிக்கச் சொன்னியா?”

“இல்லை. திரும்பி வர்றதுக்கும் சேர்த்து நீங்க அனுமதி கேட்டிருக்கீங்களான்னு கேட்டேன்.” ஒரு போர்வையின் நுனியை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். “போறதுக்கு மட்டும்தான் கேட்டிருக்கீங்களாம்.”

மாஸ்டர் தன் பக்கத்து நுனியை அவள் கையில் கொண்டுவந்து சேர்த்தார்.

“தண்ணி மோட்டாரை எப்படிப் போடறதுன்னு எனக்குக் காட்டிக் கொடுத்தீங்க. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு சொல்லிக் கொடுத்தீங்க. உங்க கடிகாரத்தை சின்ன மாஸ்டர்கிட்ட கொடுத்துட்டீங்க. அவர் சந்தோஷமா கட்டிக்கிட்டுத் திரியறாரு.” போர்வையை நான்காக மடித்தாள். “நீங்க ஊரைப் பூரா சந்தேகப்படுவீங்க. நான் உங்களை மட்டும்தான் சந்தேகப்படறேன். உங்க அண்ணன் பின்னாடியே போறீங்களோன்னு.”

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கணவாயைத் தாண்டி, பாலைவனத்தைத் தாண்டி, கடலைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவரைக்கும் மனத்துக்குள் எத்தனையோ முறை ஓட்டியிருந்தார். வண்டியைத் திருப்பியது ஒரு முறைகூட நினைவில் இல்லை. உலகத்தையே சந்தேகப்பட்டவருக்கு தன்னை மட்டும் சந்தேகப்படத் தோன்றியதே இல்லை.

“எனக்கே தெரியலை” என்றார் கடைசியில்.

அவள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அந்தச் சீட்டுல நான் உக்காந்து பார்க்கறேன். எனக்குச் சரியாப் படலைன்னா சாவியை நான் வாங்கி வச்சிப்பேன். குறுக்கே பேசக் கூடாது.”

“சரி.”

“முதல்ல அந்த பிரேக்கை ஒழுங்கா மாட்டச் சொல்லுங்க. தம்பி போன் பண்ணி அழறான்.”

அவள் பல் மருத்துவரின் கிளினிக்கில் நோயாளிகளை முறைப்படி உள்ளே அனுப்புகிறவள். ‘இருங்க’, ‘இப்ப நீங்க போங்க’ என்பது அவளுக்கு வாயில் பழகிப்போன வேலை. கன்னம் வீங்கியவர்கள் கெஞ்சினாலும், மிரட்டினாலும், மயங்குவதுபோல் நடித்தாலும் தன் முறை வராமல் ஒருவரும் அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை லாரி முன்னால் போயிற்று. அவள் கழுத்தை நீட்டி இடப்பக்கம் பார்த்தாள்.

“இருங்க.”

லாரி ஊர்ந்தது. புகை உள்ளே வந்தது.

“இருங்க.”

“காலியாத்தானே இருக்கும்?”

“உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியலை.”

“அப்ப இருங்க.”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சந்தேகப்படுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, தான் சந்தேகப்பட வேண்டிய வேலை குறைவதை உணர்ந்தார். தோள்கள் தாமாக இறங்கின.

“இப்பப் போங்க.”

ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பினார். லாரியின் பின்கதவு விலகிச் சாலை திறந்தது. வெகு தொலைவு வரை தெரிந்தது. வெயிலில் தார் மின்னியது. காலை அழுத்தினார். வண்டி லாரிக்குச் சமமாக வந்தபோது, தூரத்து வளைவில் சின்ன மாஸ்டரின் கார் தலைகாட்டியது. வேகத்தைக் கூட்டினால் தாண்டிவிடலாம் போலவும் இருந்தது, முடியாது போலவும் இருந்தது.

“வேண்டாம்” என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் கால் பின்வாங்கிவிட்டது. யோசிக்கவில்லை, அவளைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. வண்டி தளர்ந்து லாரியின் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டது. எதிர்க் கார் கடந்து போயிற்று. உயிர்மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்று அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அன்றுதான் தெரிந்தது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்துப் பெடலை அவள் தொடவே இல்லை என்பதை அவர் கவனித்தார்.

டிரம்களின் ஓரம் வண்டி நின்றது. சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி கேட்டாள்:

“அந்த மலையில பனி எந்த மாசம் உருகும்?”

எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்கு ஒரு கணம் சந்தேகமாக இருந்தது.

“நாம அதை ரெண்டு தடவை தாண்டணும்” என்றார். “போறப்போ ஒண்ணு, மறுபடி பனி விழறதுக்குள்ள வர்றப்போ ஒண்ணு. அதனால உருக ஆரம்பிச்ச உடனே கிளம்பிடணும்.”